சின்ன டிராக்டரும் ஒரு நோட்டும்: சொந்த உபயோகத்துக்கு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

எங்கள் வீட்டில் டிராக்டர் வேண்டும் என்றவர் என் கணவர். கணக்கு எங்கே என்றவள் நான். 27 வருடம் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கியவள். "நமக்குன்னு ஒண்ணு இருந்தா எவ்வளவு வசதி" என்பதை எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வருடம் இழுத்தடித்தேன். அந்த ஒரு வருடத்தில் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன். டிராக்டர் ஆசை உள்ளவருக்கும் உதவும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விடுபவருக்கும் உதவும்.

எங்களுக்கு ஆறு ஏக்கர். நான்கு ஏக்கர் மரத்தோப்பு, ஒன்றரை ஏக்கர் வருடத்துக்கு இரண்டு முறை உழுது விதைக்கும் நிலம், மீதி வீடும் பாதையும். விளைவதில் பெரும்பகுதி எங்களுக்கும் உறவுக்கும் போய்விடும். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. விளைச்சலை விற்று வாழ்கிறவருக்கு டிராக்டர் வருமானத்தை ஈட்டித் தரும் கருவி. நம்மைப் போன்றவருக்கு அது எதையும் ஈட்டாது, செலவு ஒன்றை மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். அதனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இது இல்லாவிட்டால் வருடத்துக்கு எவ்வளவு செலவழிப்போம்?

இதற்கு மனக்கணக்கு போதாது. கேட்டால் அவர் "வருஷத்துக்கு 200 மணி நேர வேலை இருக்கும்" என்றார். நான் 40 என்று நினைத்தேன். இருவருமே தப்பு.

சரி, நோட்டுக்கு வருவோம். சமையலறை ஆணியில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். வாடகை டிராக்டர் வரும் ஒவ்வொரு முறையும் தேதி, என்ன வேலை, எத்தனை மணி, கூப்பிட்டபின் காத்திருந்த நாள் என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள், அது பின்னால் பேசும். ஒரு முழு வருடம் எழுத வேண்டும். மூன்று மாதம் எழுதி நான்கால் பெருக்கினால் உழவுக் காலமா, சும்மா கிடந்த காலமா என்பதைப் பொறுத்துப் பொய் சொல்லும்.

வருட முடிவில் கூட்டினால் 74 மணி. தோப்புக்குள் களை உழவு 25, விதைப்பு நிலம் 9, ஓரங்களில் புல் வெட்ட 12, டிரெய்லரில் எரு, மண், விறகு, வேலிக்கல் இழுக்க 28. அந்த 28-ஐப் பார்த்து இரண்டு பேருமே வாயடைத்துப் போனோம். அவர் மனதில் இருந்த படம், பின்னால் ரோட்டவேட்டர் என்ற சுழல் கலப்பை புழுதி கிளப்ப, தான் தொப்பியோடு உட்கார்ந்திருப்பது. நோட்டு சொன்னதோ, உங்கள் வீட்டுக்கு முதலில் வேண்டியது ஒரு சுமை வண்டி என்று. உங்கள் நோட்டிலும் இப்படி ஏதாவது வெளிவரும். எந்தக் கருவிக்குப் பணம் போடுவது, எதை இன்னும் வாடகைக்கே விடுவது என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

அப்புறம், வாடகை டிராக்டர் செய்யாத வேலைகள். தள்ளுவண்டியில் இலைச் சருகை அள்ளிப் போட்டது, விழுந்த கிளையைக் கயிறு கட்டி இழுத்தது, மழை அரித்த பாதையைச் சமன் செய்தது. இதற்கெல்லாம் கொடுத்த கூலியைத் தனியாக எழுதினேன். அதில் டிராக்டர் இருந்திருந்தால் மிஞ்சியிருக்கும் தொகையை மட்டும், டீசலைக் கழித்துவிட்டு, எடுத்துக்கொண்டேன். ஏறத்தாழ 17 மணி வாடகைக்குச் சமம் வந்தது.

எல்லாவற்றையும் வாடகை மணியில் அளந்து பாருங்கள்

இங்கே என் தொழில் தந்திரம் ஒன்று. விலையைப் பணத்தில் எழுதினால் மனம் மயங்கும். "இவ்வளவா!" என்று ஒருவர் பயப்படுவார், "தவணையில் கட்டினால் மாதம் இவ்வளவுதானே" என்று இன்னொருவர் மயங்குவார். அதனால் உங்கள் இடத்தில் ஓட்டுநரோடும் டீசலோடும் ஒரு மணி வாடகை எவ்வளவோ அதை 1 என்று வைத்து, எல்லாத் தொகையையும் அதனால் வகுத்து எழுதுங்கள். எங்கள் கணக்கில் புது டிராக்டர் 550 மணி, கருவிகள் 150 மணி, ஆக 700.

700-ஐ 74-ஆல் வகுத்தால் ஒன்பதரை வருடம், அதற்கப்புறம் எல்லாம் லாபம் என்று அவர் துள்ளினார். இந்த வகுத்தலைத்தான் எல்லாரும் போடுகிறார்கள். இதில் இரண்டு பக்கமும் ஓட்டை.

வாங்கும் விலை முழுவதும் செலவு ஆகாது. பத்து வருடம் கழித்து விற்றால் ஒரு பகுதி திரும்பி வரும். பாதி கிடைக்கும் என்று வைத்தேன். குறைந்த மணி ஓடி, கொட்டகையில் நின்ற வண்டிக்கு இது பேராசையான கணக்கு இல்லை, ஆனாலும் உங்கள் பக்கத்தில் பழைய வண்டிகள் என்ன விலைக்குப் போகின்றன என்று விசாரித்துப் போடுங்கள். பாதி போனால் இழப்பு 350, வருடத்துக்கு 35. அடுத்தது வட்டி. கடன் வாங்கவில்லை, கையிருப்பிலிருந்து கொடுக்கிறோம் என்றாலும் அந்தப் பணம் வேறிடத்தில் இருந்தால் குட்டி போட்டிருக்கும். முதலில் 700, முடிவில் 350, நடுவாந்தரமாக 525 மணி முடங்கிக் கிடக்கிறது. நூற்றுக்கு 6 என்று வைத்தால் வருடத்துக்கு முப்பத்தொன்றரை. பராமரிப்புக்கு 12, காப்பீட்டுக்கும் கொட்டகைக்கும் 8. மொத்தம் வருடத்துக்கு எண்பத்தாறரை வாடகை மணி. வண்டியை ஒரு முறைகூடக் கிளப்பாவிட்டாலும் பெரும்பாலும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

மிச்சமாவது எவ்வளவு? 74 முழுவதும் மிச்சமாகாது, டீசல் நாம் ஊற்ற வேண்டும். எங்கள் இடத்தில் ஒரு மணி வாடகையில் கால் பங்கு டீசலுக்குப் போகும் என்று கண்டேன். ஆக, மிச்சம் ஐம்பத்தைந்தரை. சில்லறை வேலை 17-ஐயும் சேர்த்தால் எழுபத்திரண்டரை.

ஒரு ஓரக் குறிப்பு. டீசலைத் தோராயமாகக் கணக்கிட, பி.டி.ஓ. (கருவியைச் சுழற்ற டிராக்டரின் பின்னால் இருக்கும் தண்டு) குதிரைத்திறன் ஒன்றுக்கு முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ கால் லிட்டர், வருடம் முழுக்க லேசும் பளுவுமாகக் கலந்து ஓட்டினால் அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைக்கலாம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1920 முதல் நடந்துவரும் டிராக்டர் சோதனைகளின் அளவீடுகளிலிருந்து இப்படிக் கணக்கிடும் பழக்கம் வந்தது. 18 பி.டி.ஓ. குதிரைத்திறன் வண்டிக்குச் சராசரி மணிக்கு 3 லிட்டர். எங்கள் டேங்க்கும் ஏறத்தாழ இதையே சொல்கிறது.

ஓட்டுநர் கூலியை நான் பூஜ்யம் என்று போட்டேன். அவர் ஓய்வு பெற்றவர், கூலி கேட்க மாட்டேன் என்று நோட்டில் கையெழுத்தும் போட்டார். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் இந்த இடத்தில் நிதானியுங்கள். வருடத்துக்கு 100 மணி ஓட்டுவது என்றால், சனிக்கிழமைக்கு நான்கு மணி வீதம் 25 சனிக்கிழமை. அத்தனை சனிக்கிழமைகள் உங்களிடம் உண்டா? அதிலும் சின்ன வண்டி மெதுவாகத்தான் செய்யும். கருவியின் அகலம் மீட்டரில், வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர், இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் பெருக்குங்கள். திரும்புவதற்கும் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கும் கால் பங்கைக் கழியுங்கள். ஒரு மீட்டர் ரோட்டவேட்டர் இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் போனால் மணிக்கு 1,875 சதுர மீட்டர். ஏக்கர் என்பது 4,047. ஆக ஏக்கருக்கு இரண்டு மணி தாண்டும். வாடகைக்கு வந்த பெரிய வண்டி எங்கள் தோப்பில் ஒன்றேகால் மணியில் முடித்ததை நினைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆசைக்குத் தனி வரி

இப்போது நோட்டில் இருந்தது இதுதான். சில்லறை வேலையைச் சேர்க்காவிட்டால் வருடத்துக்கு 31 மணி நஷ்டம், சேர்த்தால் 14. "பாத்தீங்களாங்க, கட்டுப்படியாகாது" என்று மூடி வைத்திருக்கலாம். ஆனால் நேர்மையாகப் பார்த்தால், அந்த நஷ்டத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது ஆசையின் வருட வாடகை. பயணத்துக்கோ நல்ல கேமராவுக்கோ செலவழிக்கும்போது யாரும் கட்டுப்படியாகுமா என்று கேட்பதில்லையே.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், ஆசையை வேலைக் கணக்குக்குள் ஒளித்து வைக்கும்போது. "அக்கம்பக்கத்துக்கு வாடகைக்கு ஓட்டினால் ஈட்டிவிடலாம்" என்பது அதில் முதலிடம். எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசுவது. உங்களுக்குப் பதமான ஈரம் இருக்கும் அதே நாளில்தான் அவர்களுக்கும் வேண்டும். கையில் இருப்பதோ சின்ன வண்டி. போதாததற்கு, சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீடு வாடகை ஓட்டத்துக்குப் பொருந்துமா என்று பத்திரத்தைப் பார்த்தால் பாதிப் பேருக்கு ஆசை அடங்கிவிடும். அந்த வரியை நான் சிவப்பு மையால் அடித்தேன். கூட்டாக வாங்குவதும் காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும், செலவு நேர்பாதியாகும். மழைக்கு அடுத்த நாள் யார் முதலில் என்று எழுதி வைத்துக்கொள்ளாமல் அதில் இறங்க வேண்டாம்.

ஆகவே அவரிடம் நேராகவே கேட்டேன். வருடத்துக்கு எத்தனை வாடகை மணியை இந்த ஆசைக்குக் கொடுக்கலாம்? இரண்டு நாள் யோசித்தார். "பத்து" என்றார். அதை நோட்டில் தனி வரியாக எழுதினேன். உங்கள் வீட்டிலும் இந்த எண்ணை, விற்பனைக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே எழுதிவிடுங்கள். அங்கே போனபின் கேட்டால் அது தானாக ஏறும்.

காத்திருந்த நாள் கட்டம் இங்கேதான் பேசியது. அந்த வருடம் விதைப்பு நிலத்துக்கு ஆறு முறை கூப்பிட்டோம். இரண்டு முறைதான் சொன்ன நாளில் வந்தது. ஒருமுறை எட்டாம் நாள் வந்தது, அதற்குள் மண் இறுகிக் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது, இரண்டாவது ஓட்டத்துக்கும் வாடகை கொடுத்தோம். இதைக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, ஏனென்றால் அந்த இரண்டாவது ஓட்டம் ஏற்கெனவே 74-க்குள் இருக்கிறது. ஆனால் பத்து என்ற எண்ணை நான் எதிர்க்காததற்கு இந்தக் கட்டம்தான் காரணம்.

இடைவெளியைக் குறைத்த விதம்

14-ஐ 10-க்குள் கொண்டுவர வேண்டும். வழி பழைய வண்டியில் இருந்தது. நல்ல பராமரிப்பில் டிராக்டர் டீசல் என்ஜின் பல ஆயிரம் மணி ஓடும். வருடத்துக்கு நூறு சொச்சம் மணி ஓட்டும் நமக்கு, 1,000 மணி ஓடிய வண்டி இன்னும் வாலிபம்தான். முதல் உரிமையாளர் வேகமான தேய்மானத்தைச் சுமந்துவிட்டார், அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

மீட்டரில் 910 மணி காட்டிய, 22 குதிரைத்திறன் வண்டி ஒன்று 330 வாடகை மணிக்குக் கிடைத்தது. கருவிகளுக்கு 120. மொத்தம் 450. பத்து வருடம் கழித்து 200 கிடைக்கும் என்று வைத்தால் வருடத் தேய்மானம் 25, வட்டி பத்தொன்பதரை, பராமரிப்பைக் கூட்டி 18, காப்பீடும் கொட்டகையும் அதே 8. ஆக எழுபதரை. மிச்சம் எழுபத்திரண்டரை. காகிதத்தில் இரண்டு மணி லாபம்!

பழைய வண்டி பார்க்கப் போகும்போது, "நாங்கள் வரும்வரை கிளப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்த என்ஜின் எல்லாக் குறையையும் மறைக்கும். குளிர்ந்த நிலையில் கிளப்பிப் புகையைப் பாருங்கள். முதலில் கொஞ்சம் வந்து அடங்கினால் சரி, நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் குச்சியில் பால் கலந்த மாதிரி தெரிந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அப்படியே திரும்பி வந்துவிடலாம். பின்னால் கனமான கருவியைத் தூக்கி வைத்து என்ஜினை அணையுங்கள், மடமடவென இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு. மணி மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, சீட் கிழிந்து, மீட்டர் மட்டும் 400 என்றால் யாரோ விளையாடியிருக்கிறார்கள். பழைய வண்டிகளில் இன்னொரு விஷயம், மீட்டர் என்ஜின் சுற்றோடு இணைந்திருக்கும். குறிப்பிட்ட சுற்றில் ஓடினால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி காட்டும், மெதுவாக ஓட்டினால் குறைத்துக் காட்டும்.

நாங்கள் முதலில் பார்த்த வண்டியின் டயர் மேல்பூ கொஞ்சமும் தேயாமல் இருந்தது. அவர் மகிழ்ந்து போனார். பக்கவாட்டில் பார்த்தால் வெயிலில் வெடித்து வரிவரியாகப் பிளந்திருந்தது. குறைவாக ஓட்டும் வீட்டு வண்டியில் டயர் தேய்ந்து சாகாது, வயதாகித்தான் சாகும். நான்கு டயர் விலையைக் கழித்துக் கேட்டேன், விற்பவர் மறுத்தார், வந்துவிட்டோம்.

குதிரைத்திறனில் என் பங்குக்கு ஒரு எச்சரிக்கை. வண்டியின் மேல் எழுதியிருப்பது என்ஜின் திறன். கருவியைச் சுழற்றுவது பி.டி.ஓ. வழியாக வரும் திறன், அது சில பங்கு குறைவு. எங்கள் 22-இல் ஏறத்தாழ 18. ரோட்டவேட்டரை அதற்குப் பொருத்தமாக எடுக்க வேண்டும். அகலம் மட்டும் பின்சக்கரத் தடத்தை மூடும் அளவாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் உழுத இடத்தையே மிதித்துக்கொண்டு போவீர்கள். பெரிய வண்டி வாங்கிவிடலாமே என்பவர்கள் முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் மரங்களுக்கு இடையே, கிளை தாழ்ந்த இடத்தில், அளந்து வரட்டும்.

கருவிகளுக்குப் பணம் ஒதுக்காமல் வண்டி வாங்குவது யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிப்பது. நோட்டைப் பார்த்து நாங்கள் டிரெய்லரை முதலில் வாங்கினோம், பழையது. ரோட்டவேட்டர் புதிது. புல்வெட்டிக்கு ஒரு வருடம் காத்திருந்தோம். பழைய கருவி தைரியமாக வாங்கலாம், காரணம் கருவியை டிராக்டரின் பின்னால் மாட்டும் மூன்று முனை இணைப்பு. ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய இந்த ஏற்பாடு 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு பரவலானது. பிறகு அளவுகளும் தரப்படுத்தப்பட்டன. சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் முதல் வகை, கீழ்க் கைகளில் செருகும் ஆணி 22 மில்லிமீட்டர், மேல் ஆணி 19. இந்த அளவு பொருந்தினால் எந்தக் கம்பெனிக் கருவியும் மாட்டும். விற்கும்போதும் இதே காரணத்தால் நல்ல விலை போகும்.

வண்டி உருளும்போது ஓட்டுபவரைக் காக்கும் கம்பிச் சட்டம் இல்லாத வண்டியை மலிவாகக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். இதில் கணக்குப் பேச்சே கிடையாது. சுவீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டது. கம்பிச் சட்டம் இருந்தால் மட்டும் போதாது, சீட் பெல்ட்டும் போட வேண்டும். கம்பிச் சட்டம் மடித்திருந்தால் மட்டும் பெல்ட் போடக் கூடாது, வண்டியோடு சேர்த்து நசுங்கிவிடும். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது. தொளதொளச் சட்டைக் கை ஒன்று சிக்கினால், கையை இழுக்க நினைப்பதற்குள் முடிந்துவிடும். தண்டின் மேல் மூடியில்லாத கருவியை எங்கள் வீட்டுக்குள் விடுவதில்லை.

நான் குறைத்துப் போட்ட வரி பராமரிப்பு. ஓடினால்தான் செலவு என்று நினைத்திருந்தேன், சும்மா நிற்பதும் செலவுதான். இரண்டு மாதம் கிளப்பாமல் விட்டதில் பேட்டரி போனது. கொட்டகையில் எலி புகுந்து ஒயரைக் கடித்தது. என்ஜின் ஆயிலைக் குறித்த மணி ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதைக் கையேட்டில் வாங்கியபின்தான் படித்தேன். மிச்சம் பிடிக்க மொத்தமாக டீசல் வாங்கிச் சேர்த்து வைத்து, அடியில் தண்ணீர் தங்கி, ஃபில்டர் அடைத்ததும் ஒரு பாடம். நான் 18 என்று போட்டது நான்கு வருடச் சராசரியில் 29 ஆகிவிட்டது. நீங்கள் 30 என்றே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மீட்டர் 1,386. நான்கு வருடத்தில் 476 மணி, வருடத்துக்கு 119. காகிதத்தில் இருந்த இரண்டு மணி லாபம், பராமரிப்பு ஏறியதில் ஒன்பது மணி நஷ்டமாக மாறியிருக்கிறது. அவர் சொன்ன பத்துக்கு உள்ளேதான்.

போன வாரம் முன்பக்கம் மாட்டும் லோடர் ஒன்றின் படத்தைக் காட்டினார். எரு அள்ள வசதியாம். புது நோட்டு ஒன்றை ஆணியில் மாட்டியிருக்கிறேன்.